நாயகத்தின் தலைமேல் வைத்த கை

இயேசு மரி சூசை

செம்பாறைப்பட்டி,
கீரனூர் வழி, திருச்சி ஜில்லா.
12-4-1964

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவி ஆரோக்கியம்மாள் வணக்கம் சொல்லி எழுதுவது. சர்வேசுரன் கிருபையால் இங்கே உயிரோடு இருக்கிறோம். எல்லோரும் சுகம் என்றுதான் எழுத வந்தேன். எழுதினால் அது இன்னொரு பொய்யாகிவிடும். ஏற்கெனவே சுமக்கிற பொய் எனக்குப் போதும். அக்கரை எஸ்டேட்டில் உங்களுக்குக் காய்ச்சல் விட்டதா, கணக்கு எழுதும் கிராணி வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று எழுதுங்கள்.

நல்ல சேதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. கிணற்றில் தண்ணீர் கீழே போனாலும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் இன்னும் இறைக்க முடிகிறது. உங்கள் தங்கை சவரியாயிக்கு இது ஏழாவது மாதம். ஆவூரில் அவள் மாமியார் வீட்டில் நன்றாகவே பார்த்துக்கொள்கிறார்கள். வைகாசியில் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வந்துவிடுவேன். தாய் வீடு என்று அவளுக்கு நாம்தானே இருக்கிறோம்.

இனி நம் மகள் நாயகத்தின் சேதி. சவரியாயி கலியாணத்துக்கு நீங்கள் வந்துபோனபோது நாயகத்துக்கு ஆறு வயது. நீங்கள் பார்த்தது பால் பல். அது விழுந்து இப்போது முளைத்திருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு நம் பிள்ளை என்று அடையாளம் தெரியாது. மேல்பல் இரண்டும் சோளம் போலச் சிறுத்து, கூராக, ஒன்றுக்கொன்று எட்டி நிற்கின்றன. கீழ்ப்பல்லில் காவிநிறக் கோடு குறுக்கே ஓடுகிறது. ஈறு எப்போதும் சிவந்து வீங்கியிருக்கிறது, தொட்டால் ரத்தம். முறுக்கைக் கண்டால் ஆசையாகக் கையில் வாங்கிக்கொண்டு, யாரும் பார்க்காதபோது கோழிக்குப் போட்டுவிடுகிறாள். சோற்றைக் குழையப் பிசைந்துதான் கொடுக்கிறேன்.

மாசி மாதம் கீழ்ப்பல் ஒன்று கையோடு வந்துவிட்டது. பால் பல் இல்லை, இரண்டாவதாக முளைத்த பல். வேர் என்று பார்த்தால் அரிசி முனை அளவுதான் இருந்தது. அவளுக்கு என்ன தெரியும்? பால் பல்லுக்குச் செய்தது போலவே சாணியில் பொதிந்து ஓட்டின் மேல் எறிந்துவிட்டு, புதுப் பல்லு எப்பம்மா வரும் என்று கேட்டாள். சாகும்வரை இருக்க வேண்டிய பல் அது. வரும் வரும் என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டேன்.

தவக்காலத்தில் திருச்சிக்குப் பல் டாக்டரிடம் கூட்டிப் போனேன். இளவயது ஆள், பொறுமையாகத்தான் பார்த்தார். பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார். ரெண்டு மூணு வயசுல இந்தப் பிள்ளைக்குப் பெரிய சீக்கு ஏதாவது வந்ததா, கடுமையான மருந்து ஏதாவது கொடுத்தார்களா என்று கேட்டார். அத்தான், அந்தக் கேள்விக்காகத்தானே பஸ் ஏறிப் போனேன்! பதில் என் நாக்கில் இருந்தது. எட்டு மாதம் மதராஸ் ஆஸ்பத்திரி வார்டில் தரையில் படுத்துக் கிடந்தவள் நான். வயிற்றைக் கிழித்துக் கட்டியோடு ஒரு கிட்னியையும் எடுத்ததும், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த மஞ்சள் மருந்தை அந்தச் சின்னக் கையில் ஏற்ற ஏற்ற அவள் வாயெல்லாம் வெந்து புண்ணாகித் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்ததும் நான் பார்த்தது. ஆனால் டாக்டரிடம் என்ன சொன்னேன் தெரியுமா? அப்படி ஒன்றும் இல்லை என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, அப்படியானால் இது தாயின் கவனக்குறைவு என்றார். அதையும் கேட்டுக்கொண்டு வந்தேன்.

புற்று என்ற சொல்லை எழுதி ஐந்து வருஷமாகிறது. உங்களுக்கு எழுதுவது சத்தியத்தில் சேராது அல்லவா, அதனால் எழுதுகிறேன். நீங்கள் கப்பல் ஏறப் புறப்பட்ட அன்று என் கையைப் பிடித்து நாயகத்தின் தலையில் வைத்து, அதன்மேல் உங்கள் கையை வைத்து அழுத்தி, நீங்கள் சொல்கிறவரை உயிருள்ள ஒருத்தரிடமும் சொல்ல மாட்டேன், சொன்னால் இந்தப் பிள்ளை நமக்கில்லை என்று என் வாயாலேயே சொல்ல வைத்தீர்கள். ரத்தத்தில் ஓடுகிற சீக்கு என்று ஊர் பேசினால் சவரியாயியை யார் கட்டுவார்கள் என்றீர்கள். சரி. கிட்னியில் கல், அதை எடுத்த தழும்பு என்று ஊரெல்லாம் சொன்னேன். அவள் கலியாணத்தன்று, இனிமேல் சொல்லலாமா என்று உங்களிடம் கேட்டேன். அவளுக்கு ஒரு பிள்ளை பிறக்கட்டும் என்றீர்கள். அதற்கும் சரி என்றேன்.

இப்போது புதிதாக ஒன்று முளைத்திருக்கிறது. ஆண்டவர் மோட்சம் ஏறிய ஆரோகணத் திருநாளில் நாயகத்துக்குப் புதுநன்மை, முதல் தடவையாக நாக்கில் நற்கருணை அப்பம் வாங்கப் போகிறாள். தினமும் சாயங்காலம் கோயிலில் ஞானோபதேசம். நம் உபதேசியார் மரியசெல்வத்தைத்தான் தெரியுமே, அந்த மனிதருக்கு மோட்சத்தின் சாவியே தன் இடுப்பில் தொங்குகிற நினைப்பு. வகுப்பில் நகம் பார்க்கிறார், பல் பார்க்கிறார். ஆண்டவர் நுழைகிற வாசல் சுத்தமாக இருக்க வேண்டுமாம். நாயகத்தின் வாயைத் திறக்கச் சொல்லி, பொகையில போடுறியா புள்ள என்று மற்றப் பிள்ளைகள் முன்னால் கேட்டிருக்கிறார். இல்லை என்று அழுதாளாம். செங்கல் தூளை வைத்து எல்லார் முன்னாலும் தேய்க்கச் சொன்னாராம். காவிக்கோடு போகவில்லை, ஈறுதான் கிழிந்தது. நான் போய்க் கேட்டேன். பிறவியிலேயே பல் அப்படி என்றேன். இன்னொரு பொய். பொறவியிலேயே பல்லோடயா பொறந்தா என்று சிரிக்கிறார்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். சொல்லலாம் என்று எழுதுங்கள். புதுநன்மைக்கு முன்னால் உங்கள் கடிதம் வர வேண்டும்.

உங்கள் உடம்புக்காகத் தினமும் ஜெபமாலை சொல்லுகிற,
ஆரோக்கியம்மாள்.


இயேசு மரி சூசை

செம்பாறைப்பட்டி,
10-5-1964

அத்தான் அவர்களுக்கு,

ஆரோக்கியம்மாள் எழுதுவது. உங்கள் கடிதமும், அங்கிருந்து ஊருக்கு வந்த நார்த்தாமலை சோலையப்பன் மூலமாகக் கொடுத்தனுப்பிய பற்பசையும் வந்து சேர்ந்தன. பல் பிரச்சினை என்றால் பற்பசை. தலையே போனாலும் நீங்கள் அங்கிருந்து ஒரு நல்ல தொப்பி வாங்கி அனுப்புவீர்கள் போலிருக்கிறது. கோபத்தில் எழுதுகிறேன், மன்னிக்க வேண்டியதில்லை.

பிரசவம் முடியும்வரை பொறு என்று எழுதியிருந்தீர்கள். பொறுத்தேன். அதனால் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

வியாழக்கிழமை ஆரோகணத் திருநாள். வெள்ளைக் கவுன் என் கையால் தைத்தேன். கழுத்தைச் சுற்றி லேஸ் வைத்தேன். தலைக்கு மல்லிகையும் பச்சையுமாகக் கிரீடம். நன்மை வாங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்னாலிருந்து எதுவும் சாப்பிடக் கூடாது என்பது சட்டம். தண்ணீர் குடிக்கலாம் என்கிறார்கள், நான் அதைக்கூடக் கொடுக்கவில்லை. எழுந்ததிலிருந்து அவள் என் கண்முன்னால்தான் இருந்தாள். மாட்டுக்கொட்டகைப் பக்கம் மட்டும் கொஞ்ச நேரம் போனாள். பிறகுதான் தெரிந்தது, அங்கே யாருக்கும் தெரியாமல் செங்கல் தூளை வைத்துப் பல்லைத் தேய்த்திருக்கிறாள். முதல்நாள் உபதேசியார் சொன்னாராம், நாளைக்கும் இந்தப் பல்லோட வந்தா ஆண்டவர் மூஞ்சியத் திருப்பிக்குவாரு என்று.

பீடத்தின் முன்னால் உள்ள கிராதித் தடுப்பில் பதினான்கு பிள்ளைகள் முழந்தாளில் நின்றார்கள். நம் பிள்ளை ஒன்பதாவது. சுவாமியார் நற்கருணை கொடுத்துக்கொண்டே வர, உபதேசியார் பக்கத்தில் தட்டை ஒவ்வொரு பிள்ளையின் தாடைக்குக் கீழும் பிடித்துக்கொண்டு வந்தார். நாயகம் கண்ணை மூடி நாக்கை நீட்டினாள். நாக்கு சிவப்பு. உதடு சிவப்பு. வெத்தல போட்ட வாயோட ஆண்டவர வாங்க வந்தியா என்று அந்த மனிதர் அவள் தோளைப் பிடித்து இழுத்தார். கோயில் முழுக்கக் கேட்டது. உபவாசம் முறித்தது பெரிய பாவம், அதை மறைத்துக்கொண்டு நன்மை வாங்க வந்தது அதைவிடப் பெரிய பாவம் என்று அங்கேயே தீர்ப்பும் சொல்லிவிட்டார். அது அவள் ஈற்றிலிருந்து வந்த ரத்தம் அத்தான். தேய்க்கச் சொன்னது அவர். தேய்த்ததற்கு இழுத்துத் துரத்தியதும் அவர்.

சுவாமியார் நற்கருணையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். பெண்கள் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தார். ஏன் பார்த்தார் என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு, ஊருக்கெல்லாம் பொய் சொல்லிக்கொண்டிருக்கிறேன் சுவாமி என்று முழுக்கதையையும் சொன்னேன். அது ஆண்டவருக்குச் சொன்னது, மனுஷனுக்குச் சொன்னது இல்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிள்ளை தலைமேல் சத்தியம் வாங்கினவனும் பாவி, செய்தவளும் பாவி, அது செல்லாது என்றுதான் அவரும் சொன்னார். அவர் சொல்லலாம். அந்தத் தலை அவர் பெற்ற பிள்ளையின் தலையா? ஆனால் சங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குரு வாயே திறக்க முடியாது. ஊரில் உண்மை தெரிந்து அந்தக் கோயிலுக்குள் இருந்தவர்கள் இரண்டே பேர், இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு இருந்தோம். அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு பத்தாவது பிள்ளைக்குப் போய்விட்டார்.

பூசை முடிந்ததும் உபதேசியாரை வாசலில் மறித்தேன். என் பிள்ளை வெற்றிலையைக் கையால்கூடத் தொட்டதில்லை என்றேன். அவர் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் எரிச்சல். அப்ப அது என்ன சீக்கும்மா, சொல்லுங்க, நாளைக்கே சுவாமிகிட்ட நானே பேசுறேன் என்றார். சுற்றிலும் சனம் நிற்கிறது. நாயகம் கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறாள். உங்கள் கை என் கைமேல் இருந்த கனம் அப்படியே தெரிந்தது. பேசாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஊர் என்ன நினைக்கும்? தாயே வாயை மூடிக்கொண்டாளே என்றுதானே நினைக்கும்?

மற்றப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் பாலும் பன்ரொட்டியும் கொடுத்தார்கள். இவள் வீட்டில் கவுனைக் கழற்றி, மார்பில் விழுந்த சிவப்புச் சொட்டைத் தானே சோப்புப் போட்டுக் கசக்கிக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

எனக்கு மதராஸ்காரர்கள் மேலும் ஆத்திரம்தான். பிழைத்துவிட்டாள், கூட்டிக்கொண்டு போங்கள் என்றார்களே, பல் இப்படி ஆகும் என்று ஒரு வார்த்தை சொன்னார்களா? உயிரைக் கொடுத்தவர்களிடம் போய்ப் பல்லைக் கேட்கிறாயே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பேன். எனக்கு அவள் உயிரும் வேண்டும், அவள் வாய்விட்டுச் சிரிக்கவும் வேண்டும். அந்த லேடி டாக்டருக்கு நான்கு பக்கம் எழுதிப் போட்டிருக்கிறேன். அவருக்கு எல்லாம் ஏற்கெனவே தெரியும், அதனால் சத்தியம் முறியாது. பாருங்கள், சட்டம் படித்த வக்கீல் மாதிரி ஆகிவிட்டேன்.

கடிதம் வேண்டாம். தந்தி அடியுங்கள். சொல் என்று ஒரே ஒரு வார்த்தை போதும்.

ஆரோக்கியம்மாள்.


இயேசு மரி சூசை

செம்பாறைப்பட்டி,
5-7-1964

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மனைவி ஆரோக்கியம்மாள் எழுதுவது. முதலில் சந்தோஷ சேதி. வியாழக்கிழமை காலை சவரியாயிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நம் வீட்டில் நல்ல சுகம். குழந்தைக்கு உங்கள் மூக்கு. நீங்கள் சொன்ன கெடு முடிந்துவிட்டது. ஆனால் நான் அதற்கு ஐந்து நாள் முன்னாலேயே சொல்லிவிட்டேன். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

தந்தி வரவில்லை. கடிதம்தான் வந்தது. பிள்ளை உண்மையாகவே வெற்றிலை கிற்றிலை தின்றாளா, நன்றாக விசாரி என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டுக் கடிதத்தைச் சுருட்டி அடுப்பில் போடப் போனேன். உங்கள் கையெழுத்தாயிற்றே என்று மாதா படத்துக்குப் பின்னால் சொருகிவைத்தேன். நாயகத்துக்கு இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் என்பதை மறந்துவிட்டேன்.

இராயப்பர் சின்னப்பர் திருநாளுக்கு இன்னொரு முறை புதுநன்மை கொடுக்கலாம், ஆனால் செய்த பாவத்தைச் சங்கீர்த்தனம் செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று உபதேசியார் சொல்லி அனுப்பினார். திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை சாயங்காலம் நாயகம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து மாதா படத்துக்கு முன்னால் முழந்தாளில் நின்றாள். பாவத்துக்கு அபராதமாகப் பத்து பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னார் சுவாமியார் என்றாள். எட்டு வயதுப் பிள்ளைக்குப் பத்து எதற்கு, என்ன சொன்னாய் என்று கேட்டுவிட்டேன். கேட்கக் கூடாதுதான். வெத்தல தின்னேன்னு சொன்னேம்மா என்றாள்.

தின்றாயா என்றேன். இல்ல என்றாள். பிறகு ஏனடி சொன்னாய் என்றேன். ஆமான்னு சொன்னாத்தாம்மா நன்ம தருவாங்க என்றாள். பிறகு அவளாகவே, ஒருவேள எனக்கே தெரியாமத் தூக்கத்துல எந்திரிச்சுப் போயித் தின்னுருப்பேனாம்மா, அப்பாகூடக் கேட்டு எழுதியிருக்காங்களே என்றாள்.

அத்தான், நன்றாகக் கேளுங்கள். செய்யாத பாவத்தைச் செய்தேன் என்று நம் பிள்ளை ஆண்டவர் சன்னிதியில் பொய் சொல்லியிருக்கிறாள். அதற்கு மேலே, செய்திருப்போமோ என்று தன்னையே நம்பாமல் நிற்கிறாள். மருந்து பல்லைத்தான் தின்றது. மிச்சத்தையும் தின்றது நீங்களும் நானும் சேர்ந்து வைத்த அந்தக் கை.

அவளை மடியில் உட்காரவைத்து, சட்டையைத் தூக்கி, அந்தத் தழும்பில் அவள் விரலையே வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கல் இல்லை, கட்டி. புற்று. இன்ன மருந்து, இன்ன நிறம். வாய் வெந்து நீ தண்ணீர் விழுங்க முடியாமல் கிடந்தாய். அது உன் தப்பும் இல்லை, வெற்றிலையும் இல்லை, அழுக்கும் இல்லை. பல் ஈற்றுக்குள்ளே விதையாக இருந்தபோதே மருந்து அதன்மேல் பட்டுவிட்டது என்று சொன்னேன். அந்த லேடி டாக்டர் பதில் எழுதியிருந்தார், அதிலிருந்துதான் சொன்னேன். வேகமாக வளர்கிற எதையும் அந்த மருந்து நிறுத்திவிடுமாம். கட்டியும் வேகமாக வளர்வது, அந்த வயதில் தாடைக்குள் இருக்கிற பல்லும் வளர்கிறது. மருந்துக்கு இரண்டும் ஒன்றுதானாம். இது என் ஊகம் அம்மா, உறுதியாகச் சொல்ல முடியவில்லை, இந்த மருந்து வாங்கிய பிள்ளைகளில் பல் விழுந்து முளைக்கிற வயது வரைக்கும் உயிரோடு இருந்தது, எங்களுக்குத் தெரிந்து உங்கள் பிள்ளை மட்டும்தான் என்று எழுதியிருக்கிறார்.

அந்த வரியைப் படித்த அன்று அவர்கள் மேலிருந்த ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவர்கள் மறைக்கவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்கவில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு நாயகம் ஒன்றுதான் கேட்டாள். ஆஸ்பத்திரில எம் பக்கத்துக் கட்டில்ல இருந்த புள்ளைக்கும் பல்லு இப்புடித்தான் இருக்குமாம்மா என்றாள். நார்த்தாமலைக் கல்லுடைக்கிறவர் மகள் செவந்தியை உங்களுக்கு நினைவிருக்கும். இருவரும் ஒரே பொம்மைக்குச் சண்டை போடுவார்கள். நாம் ஊருக்குப் புறப்பட்ட வாரம் அந்தக் கட்டிலில் வேறு பிள்ளை கிடந்தது. செவந்தி செத்துப்போனதை இவளிடம் சொல்லாமல், தூக்கிய சட்டையை இறக்கிவிட்டேன்.

நான் சொல்லிக்கொண்டிருந்ததைச் சவரியாயி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறாள். நிறைமாத வயிறு. ஓடிப்போய் அவளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? இதையா அண்ணி இத்தன வருசமா மூடி வச்சிருந்தீங்க, கலியாணமான மொத வாரமே அவருகிட்ட நாஞ் சொல்லிட்டேனே, சீக்கு வராத வீடு எங்க இருக்குன்னு கேட்டாரு, எங்க மாமியாளுக்குந் தெரியும் என்றாள். சத்தியம் வாங்கியதைச் சொன்னதும் வாயில் கையை வைத்துக்கொண்டாள். ஒங்ககிட்ட மட்டுமா வாங்குச்சு அண்ணன் என்று கேட்டாள்.

என்னிடம் மட்டும்தான். சீக்கு என்னவென்று உங்கள் தங்கைக்கும் தெரியும், அவள் சொல்ல மாட்டாள் என்று நம்பினீர்கள். பெண்டாட்டி சொல்லிவிடுவாள் என்று பிள்ளை தலையில் கையை வைத்துக் கட்டினீர்கள். தங்கை சொன்னாள், பெண்டாட்டி சொல்லவில்லை. இதை ஒருநாள் தனியாக உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வரும்போது கொடிமரத்தடியில் நின்றேன். நாயகத்தைக் கையில் பிடித்திருந்தேன். உபதேசியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், நானே எதிர்பார்க்காத சத்தத்தில். சீக்கு என்னவென்று கேட்டீர்களே, இதோ சொல்கிறேன் என்று ஆரம்பித்து, டாக்டர் கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். என் பிள்ளை வாயில் நீங்கள் பார்த்த சிவப்பு அவள் ரத்தம், அது வந்தது நீங்கள் தேய்க்கச் சொன்ன செங்கல்லால் என்றேன். அதற்கு அவர், யாரும் சொல்லலியேம்மா, சொல்லாம எனக்கு எப்புடித் தெரியும் என்றார். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் நியாயம். அதுதான் எனக்கு வலித்தது.

எல்லாம் உடனே நல்லதாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். இரண்டு வீட்டுப் பெண்கள் தங்கள் பிள்ளைகளை நாயகத்தின் பக்கத்தில் உட்காரவிடுவதில்லை. ஒட்டாது என்று சொன்னேன். தலையை ஆட்டுகிறார்கள், பிள்ளையை இழுத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும். அவர்களோடு சண்டை போட எனக்கு வாய் இருக்கிறது, இனி அது திறந்தும் இருக்கிறது.

திங்கட்கிழமை திருநாள் பூசையில் நாயகம் தனியாகக் கிராதியில் முழந்தாளிட்டாள். அதே கவுன். அன்றும் ஈற்றில் ரத்தம் இருந்தது, நான் மறைக்கச் சொல்லவில்லை. உபதேசியார்தான் தட்டைப் பிடித்தார். சுவாமியார் நற்கருணையைச் சின்னத் துண்டாக உடைத்து, அவளுக்கு வலிக்காமல் நாக்கின் நடுவில் வைத்தார்.

ஆவணியில் மதராஸுக்குக் கூட்டி வரும்படி டாக்டர் எழுதியிருக்கிறார். ஈற்றுக்கு வைத்தியம் பார்ப்பார்களாம். தாடை வளர்ந்த பிறகு கட்டுப்பல் வைக்கலாமாம். அதுவரை உப்புத் தண்ணீரில் கொப்பளிக்க வேண்டும், மெல்லிய துணியால் துடைக்க வேண்டும். உங்கள் பற்பசை காரமாக இருக்கிறது, உபதேசியாருக்குக் கொடுத்துவிட்டேன். அவர் பல் நல்ல பல்தானே.

இனி ஒன்றுதான். இவ்வளவு வீராப்பாக எழுதுகிறேனே தவிர, சனிக்கிழமை சொன்னதிலிருந்து ஒரு வாரமாகச் சத்தியத்தை முறித்தேனே என்ற பயம் என்னை விடவில்லை. அவள் இருமினால் ஓடுகிறேன். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். ஏம்மா சும்மா சும்மா தொடுற என்று கேட்கிறாள். சுவாமியார் மறுபடியும் சொல்லிவிட்டார், சத்தியம் செல்லாது, பயப்படாதே என்று. எனக்கு அவர் சொன்னால் போதாது. நீங்கள் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு அவள் தலையில் இரண்டு கை இருந்தது அத்தான். அடியில் இருந்த என் கையை நான் எடுத்துவிட்டேன். மேலே இருந்தது உங்கள் கை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே, எஸ்டேட்டில் எந்த வேலையில் இருந்தாலும், அதை எடுத்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பிறகு அதே கையை எங்கள் திசையில் நீட்டி, பெற்ற தகப்பனாக அவள் நெற்றியில் ஒரு சிலுவை வரையுங்கள். நான் தெரிந்துகொள்வேன்.

உங்கள் மேல் கோபமும் பிரியமும் ஒரே அளவாக உள்ள,
ஆரோக்கியம்மாள்.

அடியில் தானும் எழுதுவேன் என்று நாயகம் பேனாவைப் பிடுங்குகிறாள். அவள் எழுதுவதை நான் திருத்தவில்லை.

அப்பா, நான் வெத்திலை தின்னவில்லை. இப்படிக்கு, பெரியநாயகம்.